காலையில் திணறும் லாரி: ஏர் எங்கே எடுக்கிறது, டீசல் எங்கே ஒழுகுகிறது

ராத்திரி நிறுத்திய லாரி காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை, ஆனால் சைலன்சரில் ஒரு இழை புகைகூட இல்லை. கிளீனர் இறங்கிப்போய் ஃபீடு பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்பு) கை பம்பை இருபது முப்பது தடவை அடிக்கிறார். அடுத்த செல்ஃபில் இரண்டு மூன்று சிலிண்டர் மட்டும் தட்டி, வெள்ளையாகப் புகைந்து, பிறகு சீராகிறது. அன்று முழுக்க எங்கே நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் காலை மறுபடி அதே பாடு.

இந்த அடையாளம் உள்ள வண்டியில் மெயின் பம்பை (இன்ஜெக்டருக்கு அழுத்தத்தில் டீசல் அனுப்புவது) கழற்றி பம்பு ரூமுக்கு (பம்பு பழுது பார்க்கும் கடை) அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கும் முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். சூடான என்ஜின் லேசான கம்ப்ரஷன் குறைவை மறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட என்ஜின் காலையில் செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை தள்ளும். கை பம்பு அடிப்பதால் அதற்கு எந்த மாற்றமும் வராது. புகையே வராமல், கை பம்புக்கு மட்டும் கட்டுப்படுகிறது என்றால் விஷயம் வேறு. டேங்கிலிருந்து மெயின் பம்பு வரை நிறைந்து நின்ற டீசல் ராத்திரியில் திரும்பி இறங்கிவிட்டது. அது இறங்க, எங்கேயோ காற்று உள்ளே வந்திருக்க வேண்டும். காற்று வந்த அந்த வழியும், வண்டிக்கடியில் தரையில் சொட்டியிருக்கும் டீசலும் பெரும்பாலும் ஒரே ஓட்டையால் வருகிறவை. ஆகவே ஸ்டார்ட்டிங் கோளாறையும் கசிவையும் இரண்டு புகாராகப் பிரிக்காமல் சேர்த்துத் தேடினால் வேலை பாதியாகக் குறையும்.

இங்கே சொல்வது முக்கியமாக இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட் வீதம் வரிசையாக உள்ள மெயின் பம்பு) உள்ள 24 வோல்ட் லாரிகளுக்கு: பழைய டாடா, லேலண்ட், கம்மின்ஸ் 6பிடி என்ஜின் போட்ட வண்டிகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் டிப்பராகவும் தண்ணீர் லாரியாகவும் ரிக் வண்டிக்குத் துணை வண்டியாகவும் இவை இன்னும் ஓடுகின்றன. பி.எஸ்.4 புகை விதிக் காலத்தில்கூட லேலண்டின் ஐ-இ.ஜி.ஆர். என்ஜின்கள் இன்லைன் பம்போடுதான் வந்தன. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய்) வண்டிக்கு வேறு முறை; அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பேட்டரியும் ஸ்டாப் லிவரும்

டீசல் பக்கம் போவதற்கு முன் ஐந்து நிமிடம் மின்சாரத்துக்கு. நிறுத்தி வைத்த நிலையில் ஒவ்வொரு பேட்டரியிலும் 12.6 வோல்ட் வரவேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே போனால் என்ஜின் வேண்டிய வேகத்தில் சுற்றாது. காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதற்குள் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் எடுத்திருப்பார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் காலப்போக்கில் இளைத்துவிடும், மற்றது அதிகச் சார்ஜில் வேகும். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் தெரிந்தால் காரணம் இதுதான். பிறகு செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்க வேண்டும்.

அடுத்து பம்பின் ஸ்டாப் லிவர். கேபிளாக இருந்தாலும் சொலினாய்டாக இருந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது லிவர் முழுதாக ஓடும் நிலையில் இருக்க வேண்டும். கேபிளில் மண் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டால் பம்பு டீசலே கொடுக்காது. ஒருவர் சாவி திருப்ப, இன்னொருவர் லிவரைப் பார்த்தால் போதும்.

செல்ஃபை ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். ஏர் பிடித்த வண்டியை செல்ஃபாலேயே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று போராடி ஆர்மேச்சரை எரித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

டீசல் ஏன் இறங்குகிறது

பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். டேங்குக்குள் உறிஞ்சு குழாய், சேசிஸ் ஓரமாக வரும் லைன், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், ஃபீடு பம்பு. அதுவரை உறிஞ்சும் பக்கம். ஃபீடு பம்பிலிருந்து முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், மெயின் பம்பின் கேலரி (உள்ளே டீசல் நிற்கும் அறை), ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்கு ரிட்டர்ன். இது ஒன்றிலிருந்து ஒன்றரை பார் வரை அழுத்தம் உள்ள பக்கம். மெயின் பம்புக்கு மேலே ஹை பிரஷர் பைப்பும் இன்ஜெக்டரும். அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான பார்.

உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இடம் காய்ந்தே இருக்கும். அதனால்தான் இந்த ஓட்டையைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே கசியும், நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். லாரியில் டேங்க் கீழே சேசிஸில் தொங்குகிறது, பம்பு அதற்கு மேலே இருக்கிறது. இளநீர் ஸ்ட்ராவின் மேல்நுனியை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருக்கும் நீர் இறங்காது, விரலை எடுத்தால் இறங்கிவிடும் இல்லையா, அதே கணக்குதான். மேலே எந்த வாஷர் விட்டாலும் டீசல் தன் எடையில் டேங்குக்கே திரும்பிவிடும்.

இதிலிருந்தே ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது. டேங்க் நிரம்பியிருந்தால் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, கால் டேங்கில் மட்டும் மக்கர் செய்தால், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் மேல்பாதியில் விரிசலோ துருப்பிடித்த ஊசி ஓட்டையோ இருக்கலாம். டீசல் மட்டம் அதற்கு மேலே இருக்கும்வரை காற்று புகாது.

டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் வைத்துப் பார்ப்பது

இந்த வேலைக்கு உண்மையில் வேண்டிய கருவி ஒரு அடி நீளத்தில் உள்ளே தெரிகிற நைலான் அல்லது பாலியூரித்தேன் ஹோஸ், இரண்டு கிளிப், பொருத்தமான இரண்டு நிப்பிள். காற்றுக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். லைனின் உள் விட்டத்துக்குக் குறையாத அளவாகப் பார்த்து வாங்குங்கள். அக்வேரியத்துக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் டீசலில் கெட்டியாகிச் சுருங்கும். கிளிப் இருக்கும் இடத்தில் அதுவே ஏர் எடுத்து, இல்லாத கோளாறைக் காட்டும்.

ஹோஸை ஃபீடு பம்பு நுழைவில் போட்டு, ஏர் எடுத்துவிட்டு (லைனில் உள்ள காற்றை வெளியேற்றி; முறை பின்னால் வருகிறது), என்ஜினை ஓட விடுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் குமிழிகள் வரும், அது ஹோஸ் மாட்டியதால் வந்தது. பிறகும் 1500 ஆர்.பி.எம்.மில் சரம் சரமாகக் குமிழி ஓடினால் ஓட்டை ஹோஸுக்கும் டேங்குக்கும் நடுவில். ஹோஸைக் கழற்றி, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்துக்கு முன்னால் போடுங்கள். குமிழி நின்றுவிட்டால் கிண்ணத்தின் ரப்பர் ரிங் அல்லது அடி டிரெய்ன் திருகு. நிற்கவில்லையென்றால் டேங்க் வாயில் போடுங்கள். அங்கேயும் குமிழி வந்தால் குழாய் டேங்குக்குள்ளேதான் விட்டிருக்கிறது.

குமிழியே இல்லை, ஆனாலும் காலையில் திணறுகிறது என்றால் என்ஜினை அணைத்து, ஹோஸில் டீசல் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மட்டம் பின்வாங்கினால் ஓட்டை ஃபீடு பம்பிலோ அதற்கு மேலேயோ.

இதை உறுதி செய்ய கேன் சோதனை. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி, ஃபீடு பம்புக்கு நேராக ஒரு ஹோஸ், ரிட்டர்னுக்கு இன்னொரு ஹோஸ், இரண்டின் நுனியும் டீசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இங்கே பலர் கேனை கேபின் பக்கம் உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அப்போது டீசல் தானே இறங்கி பம்பை நிரப்பும். ஃபீடு பம்பு வால்வு விட்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பழி டேங்க் லைன் மேல் விழும். எனவே முதல் ராத்திரி கேனை டேங்கின் மட்டத்துக்கே வையுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் எடுத்தால் குற்றம் டேங்க் லைனில். எடுக்கவில்லையென்றால் அடுத்த ராத்திரி கேனை உயரத்தில் வையுங்கள். இப்போது எடுத்தால் ஃபீடு பம்பு வால்வோ, ஃபில்டர் தலையோ, ஓவர்ஃப்ளோ வால்வோ டீசலைப் பிடித்து நிறுத்தவில்லை என்று அர்த்தம். உயரத்தில் வைத்தும் எடுக்கவில்லையென்றால் ஏர் உங்கள் பிரச்சினையே இல்லை.

வழக்கமாகப் பிடிபடும் இடங்கள்

உறிஞ்சும் பக்கத்தில் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், கிளிப்பைத் தளர்த்தினால் நுனியில் முடி அளவு வெடிப்பு. சில ஹோஸில் உள் ஓடு பெயர்ந்து நாக்கு மாதிரி தொங்கி, உறிஞ்சும்போது பாதையை அடைக்கும். அந்த வண்டி மேட்டில் இழுக்காது, நிறுத்தி வைத்தால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். இதே அடையாளத்தை டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் காணலாம். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் துளையைக் குத்திவிட்டால் போதும்.

கை பம்பின் கைப்பிடியை அடித்து முடித்ததும் கீழே அழுத்தித் திருகி மூட வேண்டும். திறந்தே விட்டால் அதன் ரப்பர் ரிங் வழியாக ஏர் எடுக்கும், டீசலும் கசியும். ரிங் தேய்ந்திருந்தால் மூடினாலும் பயனில்லை. ஃபீடு பம்பின் இரண்டு வால்வுகளில் துரும்பு உட்கார்ந்திருந்தால் கை பம்பு அடிக்கும்போது தெரியும்: எவ்வளவு அடித்தாலும் கை தொளதொளவென்று போகும். நல்ல வண்டியில் சில அடிகளிலேயே இறுகி, மேலும் அழுத்தினால் ஓவர்ஃப்ளோ வால்வு திறக்கும் ‘கிரீச்’ சத்தம் கேட்கும்.

அந்த ஓவர்ஃப்ளோ வால்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கும் தப்பு அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது. பார்ப்பதற்கு அது சாதாரண பேஞ்சோ போல்ட் (நடுவில் துளை உள்ள, டீசல் லைனை இணைக்கும் போல்ட்) மாதிரியே இருக்கும். உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. மெயின் பம்பு கேலரியில் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும், வண்டி நின்றபின் ரிட்டர்ன் வழியாகக் காற்று ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. பம்பைக் கழற்றி மாட்டும்போது இன்லெட் போல்ட்டும் இதுவும் இடம் மாறிவிடும், அல்லது கசிகிறது என்று புதிதாக வெறும் பேஞ்சோ போல்ட் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட்டிங் இழுக்கும், மேட்டில் இழுவையும் குறையும். பம்பு ரூமில் பம்பு மேடையில் ஏற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் மேடைக்கு வேறு லைன். போல்ட்டைக் கழற்றி, ஊசியை விட்டு அழுத்திப் பாருங்கள். குண்டு உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். வாயால் ஊதினால் எந்தப் பக்கத்திலிருந்தும் காற்று போகக் கூடாது.

ஃபில்டர் மாற்றியதிலிருந்து கோளாறு ஆரம்பித்திருந்தால் தலையில் பழைய ரப்பர் ரிங் ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடு போல்ட்டின் வாஷரையும் பாருங்கள். ஃபில்டர் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கம் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: டீசல் லைன் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பேஞ்சோவில் சீல் ஆவது வாஷரில், யூனியனில் சீல் ஆவது கோன் முகத்தில். மரையில் எதைச் சுற்றினாலும் சீல் ஆகாது. பிய்ந்த டேப் துணுக்கு ஃபீடு பம்பு வால்வில் போய் உட்கார்ந்து புதுக் கோளாறைத்தான் கொண்டுவரும்.

ஏர் எடுத்துவிடும் முறை

டீசல் போகும் திசையிலேயே வரிசையாகப் போக வேண்டும். முதல் ஃபில்டரின் மேல் உள்ள பிளீட் திருகை (காற்றை வெளியேற்றும் திருகு) இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்பு அடியுங்கள். நுரை, பிறகு குமிழி, பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்த டீசல். தெளிந்து வந்துகொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். கையை எடுத்துவிட்டு மூடினால் காற்று திரும்ப நுழையும். அடுத்து இரண்டாவது ஃபில்டர். பிறகு மெயின் பம்பு கேலரியில் உள்ள திருகு. கை பம்பை மூடித் திருகுங்கள்.

பெரும்பாலான நேரம் இவ்வளவே போதும். டேங்க் முழுதாகக் காலியாகி வண்டி நின்றிருந்தால் ஹை பிரஷர் பைப்பிலும் காற்று இருக்கும். இரண்டு மூன்று இன்ஜெக்டர்களின் யூனியன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து செல்ஃப் அடியுங்கள். நட்டின் ஓரத்தில் டீசல் விட்டு விட்டுத் தெறித்ததும் இறுக்குங்கள். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஏர் பிடித்த வண்டியைக் கட்டி இழுப்பது வீண். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டுவது அதைவிட மோசம். கட்டுக்கடங்காத நேரத்தில் வெடித்து பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும். இன்டேக்கில் ஹீட்டர் உள்ள கம்மின்ஸ் 6பிடி மாதிரி என்ஜின்களில் ஈதர் ஸ்பிரேயோ பெட்ரோலோ ஹீட்டரிலேயே பற்றிக்கொள்ளும்.

வெளியே தெரியும் கசிவு

ஈரமாக இருக்கும் இடமெல்லாம் கசியும் இடம் அல்ல. டீசல் பைப் வழியாக வழிந்து, ஃபேன் காற்றில் பரவி, என்ஜினின் ஆகக் கீழான முனையில்தான் சொட்டும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பம்பையும் பைப்புகளையும் நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, காற்றடித்துக் காயவிடுங்கள். பிறகு சாக்குக்கட்டிப் பொடியோ முகப்பவுடரோ லேசாகத் தூவி, என்ஜினை ஐடிலில் ஓட விட்டால் பொடி முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கே கசிவு. எப்போதும் ஈரத்தின் ஆக உயரமான புள்ளியைத் தேடுங்கள்.

பேஞ்சோ இணைப்புகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காப்பர் வாஷர். ஒருமுறை இறுக்கிய காப்பர் கெட்டிப்பட்டுவிடும், இரண்டாம் முறை முகத்துக்கு ஏற்றபடி படியாது. புதிதுதான் நல்லது. வழியில் கிடைக்காவிட்டால் பழைய வாஷரைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுங்கள், காப்பர் இளகும். கண்ணாடி மேல் மெல்லிய எமரித் தாளை வைத்து இரண்டு முகத்தையும் வட்டமாகத் தேய்த்து, கறுப்பு போனதும் துடைத்து மாட்டுங்கள். அலுமினிய வாஷரில் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும். இறுக்க சாதாரண ஸ்பேனர் போதும். ஸ்பேனரின் பிடியில் பைப் செருகி நீட்டினால் கசிவு நிற்காது, பம்பின் அலுமினிய மரைதான் போகும்.

ஹை பிரஷர் பைப் நட்டில் கசிந்தால் மேலும் மேலும் இறுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் கை. அதிகம் இறுக்கினால் பைப் நுனியின் கோன் நசுங்கி, உள் துளை சுருங்கி, அந்த சிலிண்டருக்கு டீசல் குறையும். நட்டைக் கழற்றி நுனியைப் பாருங்கள். வளையமாகக் கோடு விழுந்திருந்தால் பைப்பை மாற்றுங்கள். பம்பு பக்க நட்டைத் திருப்பும்போது கீழே உள்ள டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் ஹோல்டரும் சேர்ந்து திரும்பும், மறுநாள் அதன் அடியிலிருந்து கசிவு ஆரம்பிக்கும். பைப்பின் இரண்டு நட்டையும் முதலில் கையால் முழுதாக ஏற்றி, பைப் இழுபறியில்லாமல் தானாக உட்கார்ந்தபின் இறுக்குங்கள்.

பைப் நட்டுக்குப் பக்கத்தில் வெடித்தால் காரணம் கிளாம்ப். கழற்றிய கிளாம்பைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டியில் பைப் அதிர்ந்து அதிர்ந்து அறுபடும். வெடித்த பைப்பைப் பித்தளைப் பற்று வைத்து ஓட்ட வேண்டாம். வேறு நீளத்துப் பைப்பையும் போட வேண்டாம். ஆறு பைப்பும் ஒரே நீளத்தில் வளைத்து வளைத்துச் செய்யப்பட்டிருப்பது எல்லா சிலிண்டருக்கும் டீசல் ஒரே கணக்கில் போய்ச் சேரத்தான்.

என்ஜின் ஓடும்போது இந்தப் பைப்புகளில் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, திசு செத்து, விரலை எடுக்கும் நிலை வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறிக் கையில் பட்டுவிட்டால் வலி இல்லையென்று விட்டுவிடாமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

டேங்க் கசிந்தால் சோப்புக் கட்டியை அழுத்தி அடைத்து ஓட்டுவது ஊரறிந்த கை வைத்தியம். ஷெட் வரை வந்து சேர அது உதவும். டேங்கைத் தாங்கும் பட்டைக்கடியில் ரப்பர் போய், இரும்பும் இரும்பும் உரசித்தான் ஓட்டை விழுகிறது. ரப்பரைப் போடாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். டீசல் டேங்கை வடித்த கையோடு வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். நீராவியில் நன்றாகக் கழுவி, அந்த வேலை தெரிந்த இடத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

மிக மோசமான கசிவு தரையில் ஒரு சொட்டும் விழாத கசிவு. ஃபீடு பம்பின் தள்ளு கம்பி சீல் தேய்ந்தால் டீசல் மெயின் பம்பின் கேம் பெட்டிக்குள் இறங்கும். என்ஜின் ஆயிலால் உயவாகும் பம்பில் அங்கிருந்து சேம்பருக்குப் (என்ஜினின் அடி ஆயில் தொட்டி) போகும். பம்பு எலிமென்ட் தேய்ந்தாலும் அப்படியே. சில என்ஜின்களில் இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைன் டாப்பட் மூடிக்குள் (என்ஜின் தலையின் மேல் மூடி) ஓடுகிறது. அங்கே ஒரு வாஷர் விட்டாலும் டீசல் நேராக ஆயிலில்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஒரு சொட்டை உறிஞ்சு தாளில் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி அகலமாக, வெளிறிய எண்ணெய் வளையம் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்தபிறகு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பேரிங்கைத் தின்கிறது. வண்டியை நிறுத்தி, சீலை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே எடுக்க வேண்டும். தண்ணீர் கலந்தாலும் ஆயில் ஏறும், ஆனால் அது பால் மாதிரி வெளுத்திருக்கும்.

வெள்ளைப் புகை வந்தால்

செல்ஃப் அடிக்கும்போதே கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இங்கே ஏர் எடுத்துவிடுவதில் நேரம் போக்காதீர்கள். கப்ளிங் (என்ஜினையும் பம்பையும் இணைக்கும் பகுதி) வழியாக ஓடும் பம்பில் கப்ளிங் போல்ட் நழுவி, டீசல் தெளிக்கும் டைமிங் பின்தங்கியிருக்கலாம். குறிகள் நேராக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு டாப்பட் இடைவெளி, பிறகு நாசிலை டெஸ்டரில் போட்டு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவுகிறதா ஒழுக்குகிறதா என்பது. நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் கம்ப்ரஷன் 20 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் பம்பில் என்ன செய்தாலும் காலையில் திணறல் போகாது.

தண்ணீர் கலந்த டீசலும் வெள்ளையாகப் புகையும். டேங்க் டிரெய்னை வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, வண்டி ராத்திரி முழுக்க நின்றபின் காலையில் கலக்காமல் திறந்து பாருங்கள். நேஷனல் பெர்மிட்டில் வடக்கே போகும் வண்டிகளுக்கு இன்னொரு விஷயம்: லடாக்கின் குளிரில் சாதாரண டீசலில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அங்கே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நம் ஊர் பங்கில் நிரப்பிய டீசலோடு அந்த மலையில் ராத்திரி நிறுத்தினால் எந்தப் பம்பு மெக்கானிக்காலும் உதவ முடியாது.

காமன் ரெயில் வண்டி

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 லாரிகளில் ஹை பிரஷர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ரெயிலில் 1600 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஃபில்டர் தலையிலுள்ள கை பம்பை அடித்து, இறுகியதும் செல்ஃப் அடித்தால் மீதிக் காற்றை அது தானே ரிட்டர்னுக்குத் தள்ளும். புது ஃபில்டரின் நடுத்துளை வழியாக டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள். அது வடிகட்டிய டீசல் வெளியே வரும் பக்கம். அங்கே ஊற்றும் தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும்.

மேலே சொன்ன டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் சோதனை உறிஞ்சும் பக்கத்துக்கு இங்கேயும் அப்படியே செல்லும். மற்றபடி ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். காட்டாவிட்டால் கிராங்க் சென்சார். ஆர்.பி.எம். காட்டி, ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரை எட்டாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. காற்று இல்லை என்று உறுதியான பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, ஒரே நேரத்துக்கு செல்ஃப் அடித்து ஒப்பிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை வீணாக்குகிறது. எல்லாம் சமமாகவே இருந்தால் ரெயிலின் அழுத்த வரம்பு வால்வின் ரிட்டர்னைக் கழற்றிப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதில் டீசலே வரக் கூடாது.

எந்த வண்டியானாலும் வேலை முடிந்ததும் ஐடிலிலும் 1500 ஆர்.பி.எம்.மிலும் பத்து நிமிடம் ஓட்டி, எல்லா இணைப்பையும் துடைத்து, பொடி தூவி மறுபடி பாருங்கள். டிரான்ஸ்பரன்ட் ஹோஸை அந்த ராத்திரி மட்டும் லைனிலேயே விட்டுவையுங்கள். காலையில் செல்ஃபைத் தொடும் முன் அதில் டீசல் முந்தைய நாள் மட்டத்திலேயே நிற்க வேண்டும், இன்லைன் பம்பு வண்டியில் கை பம்பு இரண்டு மூன்று அடியில் இறுக வேண்டும், என்ஜின் ஐந்து விநாடிக்குள் பிடிக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் ஹோஸைக் கழற்றி, சரியான ரப்பர் ஹோஸும் புதுக் கிளிப்பும் போட்டு, ஒருமுறை ஏர் எடுத்துவிட்டு வண்டியை லோடுக்கு அனுப்பலாம். டிரான்ஸ்பரன்ட் ஹோஸோடு மட்டும் அனுப்பாதீர்கள். என்ஜின் சூட்டில் அது இளகி நழுவும்.